வேன் பிடித்து கொடைக்கானல் போறீங்களா? டிரைவர் லைசென்சை முதல்ல பாருங்க!

திண்டுக்கல்:
பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், திண்டுக்கல்லில் வாடகை வேன் கிடைப்பது குதிரைக் கொம்பாகி விடுகிறது. கொடைக்கானலுக்கு ஒரு கூட்டம், பழனிக்கு ஒரு கூட்டம். வாடகை எவ்வளவு, ஏ.சி. உண்டா, பாட்டு சிஸ்டம் இருக்கா என்று எல்லாம் கேட்கிறோம். ஓட்டப் போகிறவரிடம் இந்த வண்டிக்கு ஏற்ற லைசென்ஸ் இருக்கா என்று மட்டும் கேட்பதில்லை.

'லைசென்ஸ் இல்லாமலா ஸ்டியரிங்கை பிடிப்பாங்க' என்று நினைக்கலாம். இருக்கும். ஆனால் அது எந்த வகை லைசென்ஸ் என்பதில் தான் விஷயமே இருக்கிறது.

எடை தான் கணக்கு

எத்தனை சீட் என்பதை வைத்து பலர் கணக்கு போடுகிறார்கள். அது தப்பு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டப்படி எடை தான் கணக்கு. வேன், பஸ் போன்ற வண்டிகளில் ஆள், லக்கேஜ் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் அது இலகுரக வாகனம். கார் ஓட்டுவதற்கு வாங்கும் எல்.எம்.வி. லைசென்சே அதற்கு போதும். டெம்போ டிராவலர் ரக வேன்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கி விடும். ஆர்.சி. புக்கில் 'லேடன் வெயிட்' என்ற இடத்தை பார்த்தால் தெரிந்து விடும்.

அந்த எடையை தாண்டிய மினி பஸ், டூரிஸ்ட் பஸ், உள்ளேயே படுக்கை, சமையல் வசதி வைத்த பெரிய கேரவன் இவற்றுக்கு கார் லைசென்ஸ் செல்லாது. டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டும் லைசென்ஸ் வேண்டும். பழைய ஆட்கள் இன்னும் 'ஹெவி லைசென்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். 1994-ல் வந்த சட்ட திருத்தத்தில் மீடியம், ஹெவி என்ற பிரிவுகள் எடுக்கப்பட்டு 'டிரான்ஸ்போர்ட் வாகனம்' என்று ஒன்றாக்கப்பட்டு விட்டது.

கோர்ட்டு தீர்ப்பு

வாடகை வேன் ஓட்ட தனி அனுமதி வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு பல வருஷம் இழுத்தது. 2017-ல் வேண்டாம் என்றது சுப்ரீம் கோர்ட்டு. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. கடைசியில் 2024 நவம்பர் 6-ந் தேதி 5 நீதிபதிகள் பெஞ்ச் தீர்ப்பு சொன்னது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்பது தான் அது.

அதற்காக எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். பெரிய வண்டிக்கு எல்.எல்.ஆர். போட, எல்.எம்.வி. லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் சான்றிதழும், டாக்டர் சான்றிதழும் வேண்டும். 8-ம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் 2019-ல் நீக்கப்பட்டு விட்டது. டிரான்ஸ்போர்ட் லைசென்சை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். தேதி முடிந்து போன லைசென்சை பாக்கெட்டில் வைத்துக் கொண்டு ஓட்டினால் இல்லாததற்கு சமம் தான்.

வீடு, நிலம் போய் விடும்

சரியான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ரூ.5 ஆயிரம் அபராதம், 3 மாதம் வரை ஜெயில். தெரிந்தே சாவியை கொடுத்த ஓனருக்கும் அதே தண்டனை உண்டு.

இது சின்ன விஷயம். விபத்து என்று ஒன்று நடந்து விட்டால் தான் பெரிய அடி. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியே கொடுக்கும்படி கோர்ட்டு சொல்வது உண்டு. ஆனால் டிரைவருக்கு உரிய லைசென்ஸ் இல்லை, ஓனரும் அதை கவனிக்கவில்லை என்று நிரூபணம் ஆனால் அந்த பணத்தை ஓனரிடம் இருந்தே கம்பெனி வசூலித்துக் கொள்ளலாம். ஒரே ஒரு வேன் வாங்கி, அதற்கு டியூ கட்டி பிழைக்கிறவர் லட்சக்கணக்கில் எங்கே போவார்? வீட்டையும் நிலத்தையும் தான் விற்க வேண்டி வரும்.

ஓன் போர்டு வேண்டாம்

ஆயிரம், ஐநூறு குறையுது என்று வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்த வண்டியை வாடகைக்கு பிடிப்பதும் ஆபத்து. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் ரூ.10 ஆயிரம் அபராதம், ஜெயில் என்று சட்டம் சொல்கிறது. இன்சூரன்சும் கை விரித்து விடலாம். மஞ்சள் பிளேட்டில் கருப்பு எழுத்து தான் வாடகை வண்டிக்கு அடையாளம்.

கொடைக்கானல் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2024 மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. அதே வருஷம் நவம்பரில், 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகள் மலைப்பாதையில் ஏற மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. பெரிய கேரவன், பஸ் பிடிக்கிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது நல்லது.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்றே மூன்று விஷயம் பாருங்க. ஆர்.சி.யில் எடை, டிரைவர் லைசென்சில் வகையும் தேதியும், நம்பர் பிளேட்டின் கலர். டிஜி லாக்கரில் செல்போனிலேயே காட்டினாலும் செல்லும். ஐந்து நிமிஷ வேலை தான். கேட்டால் டிரைவர் அண்ணன் கோவிச்சுக்குவாரோ என்று கூச்சப்பட வேண்டாம். உரிய லைசென்ஸ் வைத்திருப்பவர் சந்தோஷமாக எடுத்து நீட்டுவார். வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் மலை ஏற ஆரம்பித்த பிறகு கேட்டு பிரயோஜனம் இல்லை.