மரத்தூளும் மூச்சும்: வீட்டுக் கொட்டிலில் மரவேலை



சென்ற கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், நான் செய்து கொண்டுவந்திருந்த புத்தகப் பீடத்தைப் பார்த்த அன்பர் சிலர், "டொக்டர், ஊசி பிடிக்கிற கை உளியும் பிடிக்குமோ?" என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். தாங்களும் இவ்வேலையில் இறங்க விரும்புவதாகக் கூறி, தொடங்குவோருக்கு உதவியாக ஏதேனும் எழுதும்படியும் வேண்டிக்கொண்டார்கள். அதன் பயனே இக்கட்டுரை.

பிளேஸ்டோவில் எங்கள் வீட்டின் பின்வளவில் எட்டடி நீளமும் ஆறடி அகலமுமான பலகைக் கொட்டில் ஒன்று இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அதுவே எனது பட்டறை. கிழக்கு லண்டனுக்கு மரவேலை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷோர்டிச் பகுதியின் கேர்ட்டின் ரோட் தளபாட வியாபாரத்துக்குப் பேர்போன இடமாக இருந்தது. பிறநாடுகளிலிருந்து வந்து குடியேறிய பலர் இத்தொழிலால் பிழைத்தார்கள்.

நான் முதன்முதலில் செய்தது என் மனைவியாருக்கு ஒரு திருவலை. அலகு ஊரிலிருந்து வந்தது. பலகை மட்டும் இங்கே வாங்கியது. முன்கால் மிகவும் பின்தள்ளி அமைந்துவிட்டதால், தேங்காயை வைத்து அழுத்தியவுடன் பலகை முன்பக்கம் சாய்ந்தது. "இதைவிடக் கடையிலேயே துருவின தேங்காய் வாங்கலாம்" என்று அவர் சொன்ன தீர்ப்பை இன்றும் மறக்கவில்லை. இரண்டாவது திருவலை இப்போதும் எங்கள் குசினியில் பாவனையில் உள்ளது.

மரத்தைப் பற்றி

ஊரில் ஆசாரியார் தேக்கு, பலா, வேம்பு, முதிரை என்று மரம் பார்த்து எடுப்பார். இங்கே நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பைன், ஓக் போன்றவை. தொடங்குவோருக்கு மலிவான பைன் பலகையே போதும்.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலவாட்டில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் அநேகமாக மாறாது. கொட்டிலிற் கிடக்கும் பலகையில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு வரை ஈரம் இருக்கலாம். வெப்பமூட்டிய வீட்டுக்குள் அது 8 முதல் 12 வரை இறங்கிவிடும். ஆகவே பலகையை வாங்கியவுடன் அறுக்காமல், வீட்டினுள்ளே சில வாரங்கள் அடுக்கி வைத்திருங்கள். இல்லையேல் மார்கழி மாதத்தில் உங்கள் அலுமாரிக் கதவு வெடிக்கும்.

தெருவோரம் வீசப்பட்ட சரக்குத் தட்டுகளின் பலகையை எடுப்பவர்கள், அதிற் பொறித்த முத்திரையைப் பார்க்கவேண்டும். 'எச்.டி' என்றிருந்தால் வெப்பத்தாற் பதப்படுத்தியது. 'எம்.பி' என்றிருந்தால் நச்சுப்புகை ஊட்டியது; அதைத் தொடவேண்டாம். பழைய வீடுகளின் வர்ணம் பூசிய கதவுகளை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்ப்பதும் ஆகாது. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது பெரிய அபாயம்.

நான் விட்ட பிழை

இனி, வைத்தியனாகிய நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டிய கதை. இரண்டு மாரிகாலமாக எனக்கு இரவில் வறட்டு இருமல். லண்டன் ஈரக்குளிர் என்று எண்ணிப் பாணிமருந்து குடித்துக்கொண்டிருந்தேன். நான்கு வாரம் ஊருக்குப் போனபோது இருமல் முற்றாக நின்றது. திரும்பிவந்து ஒரு சனிக்கிழமை மின்கருவியால் ஓக் பலகையைத் தேய்த்தேன். அன்றிரவே நெஞ்சு இறுகி, மூச்சில் விசில் சத்தம் கேட்டது. நோயாளர் இருமலோடு வந்தால், "என்ன வேலை செய்கிறீர்கள்? விடுமுறையில் குறைகிறதா?" என்பதே நான் முதலிற் கேட்கும் கேள்வி. அதை என்னிடம் நான் கேட்கவில்லை. சகவைத்தியர் ஒருவர் பீக் ஃப்ளோ மீட்டரில் இரு வாரங்கள் ஊதிக் குறிக்கச் சொன்னார். வேலை நாட்களில் நன்றாக இருந்த அளவு, சனி ஞாயிறுகளில் விழுந்தது. தொய்வு என்று உறுதியாயிற்று. கொட்டிலைப் பூட்டிவிடும்படி வீட்டார் வற்புறுத்தினார்கள்.

மரத்தூள் தீங்கற்றது என்ற எண்ணம் தவறு. பிரித்தானியாவில் தச்சுத் தொழிலாளருக்குத் தொய்வு வரும் வாய்ப்பு மற்றத் தொழிலாளரைவிட நான்கு மடங்கு என்று அரசின் தொழிற் பாதுகாப்புத் திணைக்களம் கூறுகிறது. வெஸ்டர்ன் ரெட் சீடர் மரத்தூள் தொய்வைத் தூண்டுவதில் பேர்பெற்றது. நமது முதிரைத் தூளும் சிலருக்குத் தோலிற் கரப்பனை உண்டாக்கும்.

இன்னுமொன்று. லண்டனுக்கு வடமேற்கேயுள்ள ஹை விக்கம் நகரம் கதிரை செய்வதற்குப் புகழ்பெற்றது. அங்குள்ள தளபாடத் தொழிலாளரிடையே மூக்கினுட் புற்றுநோய் அசாதாரணமாகக் காணப்படுவதை எஸ்மே ஹாட்ஃபீல்ட், ரொனால்ட் மக்பெத் முதலிய வைத்தியர்கள் கவனித்தார்கள். அவர்கள் டொனால்ட் அச்சிசன் முதலியோருடன் சேர்ந்து எழுதிய ஆய்வு 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்தது. 1995இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதற்பிரிவிற் சேர்த்தது. இது பல்லாண்டுகள் தூளிலே நின்று உழைத்தவர்களின் கதை. பொழுதுபோக்காகச் செய்பவர் இதற்காகப் பீதியடைய வேண்டியதில்லை. ஆயினும் மூக்கின் ஒருபக்கம் மட்டும் நெடுநாள் அடைத்திருந்தாலோ இரத்தம் கசிந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்நாட்டு வேலைத்தலங்களில் ஒரு கன மீற்றர் காற்றில், எட்டுமணி நேரச் சராசரியாக, வன்மரத் தூள் 3 மில்லிகிராமுக்கும் மென்மரத் தூள் 5 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. வன்மரத்துக்கான அளவு 2020இல் 5இலிருந்து குறைக்கப்பட்டது. நமது கொட்டிலுக்குச் சட்டம் வராது. ஆனால் நுரையீரல் ஒன்றுதானே!

செய்யவேண்டியவை

1. மின்தேய்ப்பானைக் குறைத்துச் சீவுளியைப் பிடியுங்கள். சீவுளி தருவது சுருள். தேய்ப்பான் தருவது தூள். சுருள் மூச்சுக்குள் போகாது.

2. மின்கருவி பாவித்தால் தூளுறிஞ்சியை அதனோடு பொருத்துங்கள். எஃப்.எஃப்.பி.3 வகை முகமூடி அணியுங்கள். தாடி இருந்தால் அது முகத்தில் இறுக்கமாக ஒட்டாது.

3. விளக்குமாற்றால் கூட்டவேண்டாம். அது படிந்த தூளை மீண்டும் எழுப்பும். வேலையுடுப்பைக் கொட்டிலிலேயே கழற்றிவிடுங்கள்.

4. உளியை 25 பாகையிற் சாணைபிடித்து, 30 பாகையிற் கல்லிலே தீட்டுங்கள். மழுங்கிய உளிதான் வழுக்கிக் கையை வெட்டும். இரு கைகளும் எப்போதும் உளிமுனைக்குப் பின்னாலேயே இருக்கவேண்டும்.

5. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

6. ஏற்புவலித் தடுப்பூசி ஐந்து தடவை போட்டதற்கான பதிவு உண்டா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். ஊரிற் பிறந்த பலரிடம் அந்தப் பதிவு இல்லை.

7. விரல் துண்டாகிவிட்டால் 999ஐ அழைத்து, காயத்தை இறுக அழுத்திப் பிடியுங்கள். துண்டை ஈரத்துணியிற் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். துண்டு நேராகப் பனிக்கட்டியைத் தொடக்கூடாது.

என் கொட்டிலை நான் பூட்டவில்லை. மின்தேய்ப்பானை விற்றுவிட்டு, பழைய இரும்புச் சீவுளி ஒன்று வாங்கினேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. சிறுவயதில் எங்கள் வளவில் வேலைசெய்த ஆசாரியாரின் காலடியிற் குவிந்த சுருள்கள் இப்போது என் காலடியிலும் குவிகின்றன. இருமல் அடங்கி, உறிஞ்சுமருந்தும் குறைந்திருக்கிறது. அன்பர்கள் பார்த்த புத்தகப் பீடம் அவ்வாறு உப்புத்தாளே படாமற் செய்ததுதான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். இளைப்பாறிய பின் பொழுது போகவில்லை என்று வருந்தும் நண்பர்கள் ஒரு சீவுளியோடு தொடங்கட்டும். முதலிற் செய்வது சாய்ந்தால் மனந்தளரவேண்டாம். என் திருவலையும் சாய்ந்ததுதான்.