பிரான்சு நாட்டு உணவுக் கடைகளிலே



பிரயாணம் போய் வீடு திரும்புவோர் வெறுங்கையுடன் வருதல் ஆகாது என்பது நம்மவர் வழக்கம். பிரான்சு நாட்டில் உற்றார் ஒருவரேனும் இல்லாத ஊர் நம் பகுதியில் இந்நாளில் அரிது. ஆதலின் அந்நாட்டிற்குச் சென்று வருவோர் தொகையும் பெருகி வருகின்றது. உணவுக்குப் பெயர்போன அந்நாட்டின் கடைகளிலே எதனைச் சுவைத்துப் பார்க்கலாம், எதனை வீட்டுக்குக் கொண்டு வரலாம் என்பது பற்றிச் சிறிது கூற விரும்புகின்றேன்.

இதனைக் கூற எனக்குள்ள தகுதி, நான் செய்த ஒரு பிழையேயாகும். பாரிசு மாநகரில் வாழும் என் தங்கையின் வீட்டுக்கு முதன்முறை சென்றபோது, மரப்பெட்டியில் அடைத்த வட்டமான பாற்கட்டி ஒன்றை வாங்கி வந்தேன். எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியருக்கு அதனைக் கொடுத்தேன். எண்பது வயதைக் கடந்த அவர், வாழ்நாள் முழுவதும் சைவ உணவு தவறாதவர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபின், "தம்பி, இந்தப் பாலை உறைய வைப்பது எது?" என்று கேட்டார். "மோராக இருக்கலாம், ஐயா" என்றேன். அவர் பெட்டியைத் திறவாமல் மேசைமேல் வைத்துவிட்டார். பின்னர் விசாரித்தபோதுதான், அது இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறைய வைக்கப்பட்டது என அறிந்தேன். கடைக்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை. என்ன பொருள் என்று அறியாமலே பெரியவர் ஒருவருக்குப் பரிசளித்த வெட்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. ஆகவே இரண்டாம் முறை சென்றபோது கேட்டறிந்து வாங்கப் பழகினேன்.

முதலில் அறிய வேண்டுவது, பிரான்சியர் உணவுப் பண்டத்தை ஊர்ப்பெயரோடு சேர்த்தே எண்ணுவர் என்பதாகும். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்று நாம் சொல்வதுபோல, அவர்கள் இன்ன ஊர்ப் பாற்கட்டி, இன்ன ஊர் உப்பு என்பர். ஆனால் நாம் சொல்வழக்கோடு நின்றுவிட, அவர்கள் அதனைச் சட்டமாகவும் ஆக்கியுள்ளனர். ரொக்போர் என்னும் ஊரின் குகைகளில் முதிரவைக்கும் செம்மறியாட்டுப் பாற்கட்டிக்கு 1925ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றினர். வேற்றிடத்தில் அதுபோலச் செய்தவர் அப்பெயரைச் சூட்டி விற்றல் ஆகாது. 1935ஆம் ஆண்டில் இத்தகைய பெயர்களைக் காப்பதற்கென ஒரு தேசிய நிறுவனமும் அமைந்தது. 1992ஆம் ஆண்டு தொடக்கம் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான முறை வகுக்கப்பட்டது. பொதியின்மேல் சிவப்பும் மஞ்சளுமான வட்ட முத்திரை இருப்பின், அப்பண்டம் குறித்த இடத்திலே, குறித்த முறைப்படி ஆக்கப்பட்டது என்று கொள்க. நீலமும் மஞ்சளுமான முத்திரை இருப்பின், ஆக்கத்தின் ஒரு படியேனும் அவ்விடத்தில் நிகழ்ந்தது என்று கொள்க. நமது இலங்கைக் கறுவாவுக்கும் 2022ஆம் ஆண்டில் இந்த நீல முத்திரை கிடைத்தது என்பதை நேயர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகூரலாம். பெட்டியின் அழகைப் பார்ப்பதற்கு முன் முத்திரையைப் பார்ப்பதே வாங்குவோர்க்கு முதற்பாடம்.

இனி, அங்கேயே சுவைத்தற்குரியவற்றுள் தலையாயது பாண். நீண்ட கோல்போன்ற பாணைப் பிரான்சியர் பகெத் என்பர். அதன் மேலோடு முறுகலாயும் உள்ளே மென்மையாயும் இருக்கும். சில மணி நேரத்தில் அது தன் நலத்தை இழந்துவிடும். ஆகவே அதனை ஊருக்குக் கொணர முயல்வது வீண். கடையில் வெறுமனே பகெத் என்று கேளாமல், மரபுப் பாண் என்று பொருள்படும் "திரதிசியோன்" என்று கேட்க வேண்டும். 1993ஆம் ஆண்டுக் கட்டளைப்படி அப்பெயரில் விற்கப்படும் பாணில் சேர்பொருள்கள் கூடா. மாவைப் பிசைந்து உறைகுளிரில் வைத்திருத்தலும் கூடாது. கோதுமைமா, நீர், உப்பு, புளிமா அல்லது ஈஸ்ற் ஆகியவையே அதன் அடிப்படை. 1998ஆம் ஆண்டுச் சட்டமோ, மாப்பிசைந்து சுடுவதைத் தன் இடத்திலேயே செய்யாதவர் தம் கடைக்குப் "புலான்சரி" என்று பெயர்ப்பலகை மாட்டலாகாது என்று விதித்தது. 2022ஆம் ஆண்டில் பகெத் செய்யும் கைத்திறனை யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்துகொண்டது.

பாரிசு நகராட்சி ஆண்டுதோறும் சிறந்த மரபுப் பாணுக்குப் போட்டி வைக்கின்றது. தோற்றம், வேக்காடு, மணம், உட்பதம், சுவை என ஐந்தும் நோக்கிப் புள்ளியிடுவர். வென்றவர் ஓராண்டுக் காலம் அந்நாட்டு அதிபர் மாளிகைக்குப் பாண் வழங்கும் பெருமையைப் பெறுவார். 2023ஆம் ஆண்டில் அப்பரிசை வென்றவர், இலங்கையிற் பிறந்த தமிழரான தர்ஷன் செல்வராஜா. மாநகரின் இருபதாம் வட்டாரத்தில் அவருடைய கடை அன்று பலர் நாவிலும் பேசப்பட்டது. சோறும் பிட்டும் உண்டு வளர்ந்த நம் நாட்டார் ஒருவர், பிரான்சியருக்கே அவர்தம் பாணைச் செய்து கொடுத்து முதலிடம் பெற்றார். பிறருடைய மரபையும் முறையோடு கற்றால் அதில் நாம் சிறக்கலாம் என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்தது பாற்கட்டி. பாற்கட்டிக் கடையில் நுழைந்தவுடன் ஒருவகை மணம் மூக்கைத் தாக்கும். நமக்குக் கருவாட்டு மணம் எப்படியோ அவர்களுக்கு இம்மணம் அப்படி. பழகியவர்க்கு அது பசியைத் தூண்டுவது. நல்ல கடைக்காரர், "என்றைக்கு உண்ணப் போகின்றீர்கள்? இன்றிரவா, நாளையா?" என்று கேட்பார். பழுத்துவரும் வாழைக்குலையில் இன்றைக்குரிய பழத்தையும் நாளைக்குரிய பழத்தையும் பிரித்துத் தருவதுபோல், அவர் பாற்கட்டியின் பருவம் அறிந்து தருவார். சிறு துண்டு சுவைத்துப் பார்க்கக் கொடுப்பதும் உண்டு.

நோர்மண்டிப் பகுதியின் கமம்பேர் என்பது மென்மையான வகை. இங்கே பெயரை ஊன்றிப் படிக்க வேண்டும். "நோர்மண்டிக் கமம்பேர்" என்னும் காப்புப் பெயர் பெற்றது, காய்ச்சாத பாலை அகப்பையால் அச்சில் அடுக்கடுக்காக வார்த்துச் செய்வது. "நோர்மண்டியில் ஆக்கப்பட்ட கமம்பேர்" என்று முன்னாளில் எழுதி விற்கப்பட்டவற்றுக்கு அவ்விதிகள் பொருந்தவில்லை. ஒரு சொல்லின் வேற்றுமையில் பண்டமே வேறாகிவிட்டது! இதனைச் செம்மையாக்க நெடுங்காலம் வழக்கும் வாதமும் நடந்துள்ளன.

வீட்டுக்குக் கொணரத் தக்கது கடினமான வகையாகும். சுவிற்சர்லாந்து எல்லையை அடுத்த ஜுரா மலைப்பகுதியின் கொந்தே என்னும் பாற்கட்டியை எடுத்துக் காட்டலாம். அதன் வட்டு ஒன்று ஏறத்தாழ 40 கிலோ நிறையுடையது. அதற்கு 400 லீற்றர் அளவு பால் வேண்டும். இரண்டே இனப் பசுக்களின் பாலைத்தான் கொள்வர். குறைந்தது 4 மாதமும், சிலபோது ஓராண்டுக்கு மேலும் நிலவறையில் முதிரவைப்பர். பின்னர் 20 புள்ளிக்கு மதிப்பிட்டு, உயர்ந்ததற்குப் பச்சைப் பட்டையும் அடுத்ததற்குப் பழுப்புப் பட்டையும் சுற்றுவர். 12 புள்ளிக்குக் குறைந்தது கொந்தே என்ற பெயரையே இழந்துவிடும். நம் பரீட்சைகளிலும் கண்டிப்பான பரீட்சை இது! வேண்டுமாயின் கடைக்காரரே காற்று நீக்கிய உறையில் அடைத்துத் தருவார்.

ஆயினும், பெயர்க்காப்புப் பெற்ற பழைய பாற்கட்டிகள் பலவற்றில் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பை உறைபொருளே பயன்படுகின்றது என்பதைச் சைவ உணவினர் மறத்தலாகாது. பொதியின்மேல் "பிரசூர்" என்ற சொல் காணின், பெரும்பாலும் அதுவே எனக் கொண்டு, ஐயமிருப்பின் கடைக்காரரைக் கேட்டுத் தெளிக.

அவ்வாறாயின் சைவ உணவினர் கொணரத் தக்கது ஒன்றுமில்லையோ எனின், பல உண்டு. மேற்குக் கடலோரத்துக் கெராந்து உப்பு அவற்றுள் ஒன்று. ஆனையிறவு, மன்னார் உப்பளங்களைக் கண்ட நமக்கு அது புதுமையன்று. களிமண் பாத்திகளில் கடல்நீரைப் பாய்ச்சி, வெயிலும் காற்றும் வற்றச் செய்தபின் வாரியெடுப்பர். பாத்தியின் அடியில் விளைவது சாம்பல்நிறக் கல்லுப்பு. நீர்மேல் மெல்லிய ஆடைபோற் படிவதை மெதுவாக வழித்தெடுத்தால் அது "உப்பின் பூ" எனப்படும். இதனை உலையில் இட்டுக் கரைப்பது வீண்செலவு. பரிமாறும்போது மேலே தூவுதற்குரியது.

நடுமலைப் பகுதியாகிய லு புய்யில் விளையும் பச்சைப் பருப்பும் சிறந்தது. எரிமலை மண்ணில் விளையும் இச்சிறு பருப்பு, 1996ஆம் ஆண்டில் பெயர்க்காப்புப் பெற்றது. ஊறவைக்க வேண்டுவதில்லை, அரைமணிக்குள் வெந்துவிடும், வெந்தாலும் குழையாது. பாஸ்க்கு நாட்டு எஸ்பெலெத் ஊரின் மிளகாயையும் கூறலாம். இலையுதிர் காலத்தில் வெண்சுவர் வீடுகளின் முகப்பிலே செம்மாலைகளாக அதனைத் தொங்கவிட்டு உலர்த்துவர். நம் மிளகாயும் அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரே குலத்தனவே. ஆயின் நம் நாவுக்கு அதில் உறைப்பு மிகக் குறைவு. மணமே அதன் சிறப்பு.

கடுகுச் சாந்து வாங்குவோர் ஒன்றை அறிக. டிஜோன் கடுகு என்பது செய்முறைப் பெயரேயன்றிக் காப்புப் பெற்ற ஊர்ப்பெயர் அன்று. அதற்கான கடுகுமணி நெடுங்காலம் பெரும்பாலும் கனடாவிலிருந்து வந்தது. 2021ஆம் ஆண்டில் அங்கு மழை பொய்த்தபோது, 2022இல் பிரான்சுக் கடைகளில் கடுகுச் சாந்து அருகிப்போயிற்று. "பூர்கோஞ் கடுகு" என்பதே அப்பகுதியில் விளைந்த மணியாலாவது. அதில் திராட்சை மது சேரும் என்பதையும் குறித்துக்கொள்க.

இனிப்புக்களுள், பிளவீனி என்னும் சிற்றூரின் பழைய மடாலயத்தில் ஆக்கப்படும் அனிசு உருண்டைகள் சிறுவர்க்கு உகந்தவை. பெருஞ்சீரகத்துக்கு உறவான ஒரு சிறுவிதையின்மேல், பதினைந்து நாள்வரை சீனிப்பாகைப் படலம் படலமாகப் பூசி உருட்டுவர். சிறு தகரப் பேணிகளில் வருவதால் உடையா, உருகா.

வாத்தின் ஈரலைக் கொண்டு செய்யும் பண்டம் ஒன்று அந்நாட்டு விருந்துகளில் உயர்வாக மதிக்கப்படுகின்றது. வாத்துக்குக் குழாய்வழி வலிந்து தீனியூட்டி ஈரலைப் பருக்கச் செய்து பெறுவது அது. பிரான்சியர் 2006ஆம் ஆண்டில் அதனைத் தம் பண்பாட்டுச் செல்வமெனச் சட்டத்திலேயே பொறித்தனர். இந்தியாவோ 2014ஆம் ஆண்டில் அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. இருபுறத்தையும் கூறினேன், முடிபு நேயர்களுடையது.

எங்கே வாங்குவது? செல்வர் செல்லும் பண்டசாலைகள் உள. 1761ஆம் ஆண்டில் தொடங்கிய இனிப்புக்கடை ஒன்று பாரிசில் இன்றும் நடக்கின்றது. செவ்ர் வீதியிலுள்ள பெரும் உணவுச்சாலை கண்காட்சிபோல் விளங்குவது. அவற்றைச் சுற்றிப் பார்ப்பதற்குக் காசில்லை. ஆயின் அங்கே காணும் அதே முத்திரையுடைய உப்பும் பருப்பும் சாதாரணப் பேரங்காடியிலும் குறைந்த விலையில் உள. வட்டாரச் சந்தைகள் கூடும் நாளைக் கேட்டறிந்து செல்லுதல் இன்னும் நன்று. அங்கே இரண்டு மரபுகளைப் பேணுக. முதலாவது, "பொன்சூர்" என்று வணக்கம் கூறியபின்பே எதையும் கேட்க வேண்டும். இரண்டாவது, நம் திருநெல்வேலிச் சந்தையிற்போலக் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்தல் ஆகாது. வேண்டியதைச் சொன்னால் வணிகரே தெரிந்து தருவார். பேரம் பேசுதலும் அங்கே வழக்கமன்று.

இறுதியாக, கொண்டுவரும் முறை. கடுகுச் சாந்து, பழப்பாகு, தேன், மென்பாற்கட்டி ஆகியவற்றை விமான நிலையத்தார் திரவமாகவே கருதுவர். ஆகவே அவற்றைக் கைப்பையில் வையாது பெரும்பெட்டியில் துணிகளுக்கிடையே பொதிந்து வைக்க. இறைச்சியும் பாற்பொருளும் கொணர்வதற்கு நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடும். புறப்படுமுன் நம் சுங்கத்தாரின் விதியைக் கேட்டறிதல் வேண்டும். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கிய வெளிநாட்டார், உரிய பத்திரம் பெற்று விமான நிலையத்தில் பதிவுசெய்தால் வரியில் ஒரு பகுதியை மீளப் பெறலாம். ஆயினும் பெரும்பாலான உணவுப் பண்டங்களுக்கு வரி நூற்றுக்கு 5.5 மட்டுமேயாதலின், கிடைப்பது சிறுதொகையே. அதன்பொருட்டு வேண்டாதவற்றை வாங்கிக் குவித்தல் அறிவுடைமையன்று.

இரண்டாம் முறை திரும்பியபோது, ஆசிரியர் வீட்டுக்கு ஒரு பொதி லு புய்ப் பருப்பும் சிறிதளவு உப்பின் பூவும் கொண்டு சென்றேன். அவர் வழக்கம்போலக் கேட்டார். எந்த ஊர், எவ்வாறு விளைவது, எவ்வாறு உலர்த்துவது என்று நான் அறிந்தவாறு விடை கூறினேன். "இப்போது நீர் வாங்கத் தெரிந்து வாங்கியிருக்கிறீர்" என்றார். மறுவாரம் அவர் வீட்டில் அப்பருப்பைத் தேங்காய்ப்பாலும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் கறியாக்கியிருந்தனர். நானும் உடனிருந்து உண்டேன். சோற்றுக்கு அது மிகவும் பொருந்தியது.