'ஒரே ஊசி போதும்' என்பது எல்லோருக்குமா?

2008-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. கிருமியே காரணம் என்று காட்டிய ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்குப் போனது. எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞர்கள் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொன்தாஞேவும் மறுபாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த இரண்டு கிருமிகளும் ஒரே உடலில் சேர்ந்தால்? எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றப் பெண்களைவிட 6 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எச்.பி.வி. உடலுறவு வழியே மிக எளிதாகப் பரவும். பெரும்பாலானவர்களின் உடல் அதை ஓரிரு ஆண்டுகளில் தானே விரட்டிவிடும். எதிர்ப்புச் சக்தி குன்றியிருந்தால் அது தங்கிவிடுகிறது. தங்கிய கிருமி செல்களைக் கெடுத்துப் புற்றாக மாற்றப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும்; எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை பெறாத பெண்ணுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

எத்தனை ஊசி?

2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசியில் ஒரே ஊசியும் போதலாம் என்று அறிவித்தது. அதற்கான சான்றுகளில் ஒன்று இந்தியாவில் கிடைத்தது. 2009-இல் இங்கே தொடங்கிய ஓர் ஆய்வில் ஊசி போடுவது மறு ஆண்டே நிறுத்தப்பட, ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களுக்கும் நல்ல பாதுகாப்பு இருந்தது. கென்யாவில் 2,275 இளம்பெண்கள் பங்கேற்ற ஆய்விலும், எச்.பி.வி.யின் 16, 18 வகைத் தொற்றுகளை ஒரே ஊசி 97.5 சதவீதம் தடுத்தது.

ஆனால் கென்ய ஆய்வில் சேர்வதற்கு எச்.ஐ.வி. இல்லாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அதே அறிவிப்பு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தனிக் கணக்குச் சொன்னது: குறைந்தது இரண்டு ஊசி, முடிந்தால் மூன்று. மூன்று என்றால் முதல் ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. பள்ளியிலோ முகாமிலோ ஒரு ஊசி போட்டுக்கொண்ட பெண், தன் கணக்கு முடிந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது.

'எதிர்ப்புச் சக்தி குறைந்தவளுக்கு ஊசி ஆகாது' என்ற பயம் வீடுகளில் உண்டு. இந்தத் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. கடிதம் இல்லாத வெறும் உறை போல, கிருமியின் மேலோட்டுப் புரதம் மட்டுமே இருக்கிறது. அது நோயை உண்டாக்காது. எதிர்ப்பு அணுக்களான சி.டி.4-இன் எண்ணிக்கை குறைவு என்பதும் ஊசியை மறுக்கக் காரணமல்ல. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) தவறாமல் எடுத்து வந்தால் ஊசிக்கு உடல் காட்டும் எதிர்வினை இன்னும் மேம்படும். கர்ப்பிணிகள் மட்டும் பிரசவம் வரை தள்ளிப்போட வேண்டும்.

ஊசியால் முடியாதது ஒன்று உண்டு. ஏற்கெனவே தொற்றிய எச்.பி.வி.யை அது அகற்றாது. ஆகவே உடலுறவுக்கு முந்திய வயதில் போடுவதே முழுப் பலன் தரும். மணமான பெண்ணும் போட்டுக்கொள்ளலாம். இன்னும் தொற்றாத வகைகளிலிருந்து அவளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.

பரிசோதனையை விடக் கூடாது

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் எளிய பரிசோதனை ஒருமுறை செய்யப்பட்டது. அதுவே இந்தப் புற்றுநோய்ச் சாவுகளை 35 சதவீதம் குறைத்தது. பொதுவாகப் பரிசோதனை தொடங்கும் வயது 30. எச்.ஐ.வி. உள்ள பெண் 25 வயதிலேயே தொடங்க வேண்டும்; எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை என்றால் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. மூன்று ஊசியும் போட்டவருக்கும் இதில் விலக்கில்லை.

சட்டம் தரும் துணை

கூடுதல் ஊசி கேட்டால் 'ஏன் உனக்கு மட்டும்?' என்ற கேள்வி வரும். முகாம் வரிசையில் நின்று அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிலையை ஏற்கெனவே அறிந்த ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் பேசி, மீதி ஊசிகளுக்குப் பரிந்துரை பெறலாம். 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017-இன்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் தன் எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கட்டாயப்படுத்த முடியாது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும் பாகுபாடு என்று அதே சட்டம் தடை செய்கிறது.

பெற்றோரை இழந்த வீடுகளில் தங்கைக்கு ஊசி போடச் சம்மதித்து யார் கையெழுத்திடுவது? குடும்பப் பொறுப்பைச் சுமக்கும், போதிய பக்குவமுள்ள 12 வயது நிறைந்த அக்காளோ அண்ணனோ சிகிச்சை விஷயத்தில் காப்பாளராகலாம் என்று அந்தச் சட்டமே இடம் தருகிறது.

மறுத்தாலோ அவமதித்தாலோ முதலில் மருத்துவமனையின் புகார் அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவமனைகளில் அவர் இருந்தாக வேண்டும். அடுத்து மாநில அளவிலான குறைதீர்ப்பாளர். புகார் கிடைத்த 30 நாளுக்குள் அவர் உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவை மீறுபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை கூடும். வழக்கு நீதிமன்றம் போனாலும் புனைபெயரில் நடத்தக் கோரலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அருகிலுள்ள நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) கேட்கலாம், அல்லது 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.