மண முறிவும் கடைக் கணக்கும்

சரக்கு விலை, வரி, கடை வாடகை என்றே இப்பக்கங்களில் பேசி வருகிறோம். இம்முறை, பலரும் வெளியில் சொல்லத் தயங்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கணவன் மனைவி பிரிவு வீட்டு வாசலோடு நிற்பதில்லை. கல்லாப்பெட்டி, கணக்குப் புத்தகம், வங்கிக் கடன் எல்லாவற்றையும் அது கோர்ட்டுக்கு இழுத்து வந்துவிடுகிறது. நம் புதுவையில் இதற்கு வேறு ஊர்களில் இல்லாத ஒரு சிக்கலும் உண்டு.

எந்தச் சட்டம் நமக்கு?

இந்து திருமணச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் புதுவையில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ரெனோன்சான் குடும்பங்களுக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் இதே விதிவிலக்கு உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களே ரெனோன்சான்கள். ஒருமுறை துறந்தால் துறந்ததுதான். அது வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். ஆகவே ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்துக் கடை வைத்திருக்கும் இருவருக்கு இரு வேறு சட்டங்கள் இருக்கலாம்.

கடை யாருக்கு?

இரண்டு சட்டங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். எடுத்துக்காட்டாக, திருமணத்துக்குப் பின் ஒருவர் மளிகைக் கடை தொடங்குகிறார். இன்று 10 லட்சம் ரூபாய் சரக்கு இருக்கிறது என்று கொள்வோம். இந்து சட்டத்தில், விவாகரத்து ஆனதும் சொத்தைப் பாதியாகப் பிரிக்கும் விதி எதுவும் இல்லை. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. 'பணம் போட்டது நான்' என்று சொல்பவர் அதை நிரூபிக்க வேண்டும். திருமணத்தின்போது இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்கள் பற்றி மட்டும் நீதிமன்றம் தனியே உத்தரவிடலாம். மனைவியின் நகையும் சீர்வரிசையும் அவருக்கே முழுச் சொந்தம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த நகையை அடகு வைத்துக் கொள்முதல் செய்தவர்கள் இதை மறக்கலாகாது.

ரெனோன்சான் குடும்பத்தில் கதை வேறு. திருமணத்துக்கு முன் நொத்தேரிடம் தனி ஒப்பந்தம் எழுதாதிருந்தால், பிரெஞ்சு சிவில் சட்டப்படி கணவன் மனைவிக்குள் சொத்துக் கூட்டு ஏற்படுகிறது. பரம்பரையாக வந்த வீடு, மனை தனியே நிற்கும். சரக்கும், மணவாழ்வில் சம்பாதித்ததும் கூட்டில் சேரும். கூட்டு கலையும்போது பாதிப் பங்கு; கடனும் அப்படியே. ஆகவே பழைய திருமணப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது.

மனைவியைப் பங்குதாரராகச் சேர்த்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விவாகரத்தால் கூட்டு வணிகம் தானாகக் கலைவதில்லை. காலவரையறை இல்லாத கூட்டானால் 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பங்குதாரர் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தே அதைக் கலைத்துவிடலாம். விலகும் முறையையும் கணக்குத் தீர்க்கும் முறையையும் பத்திரத்தில் முன்பே எழுதி வைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

கணக்கை மறைக்கலாமா?

'கடையில் வருமானமே இல்லை' என்று ஜீவனாம்ச வழக்கில் சொல்லித் தப்பிய காலம் போய்விட்டது. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பினரும் தங்கள் சொத்தையும் கடனையும் வருமானத்தையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. ஜீவனாம்சமும் மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே கணக்கிடப்படும். வரிக் கணக்கில் ஒரு தொகை, பிரமாணப் பத்திரத்தில் வேறு தொகை என்றால் இரண்டு இடத்திலும் தொல்லைதான்.

பிரான்சில் வாங்கிய தீர்ப்பு

நம் ஊரில் பிரான்சில் உறவுள்ள குடும்பங்கள் பல உண்டு. அங்கே விவாகரத்துப் பெற்றால் இங்கே தானாகச் செல்லுமா? செல்லாமலும் போகலாம். திருமணம் நடந்த சட்டப்படியான காரணம் இருக்க வேண்டும். அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்க வேண்டும். இல்லையேல் மறுதரப்பு மனமுவந்து அவ்வழக்கை ஏற்றிருக்க வேண்டும். 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது.

பிள்ளை பங்குப் பொருளல்ல

சரக்கைப் பிரிக்கலாம், பிள்ளையைப் பிரிக்க முடியாது. இந்து சட்டப்படி 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கும். அதற்கு மேல், யாரிடம் பணம் அதிகம் என்று நீதிபதி பார்ப்பதில்லை. குழந்தையின் நலனே முதன்மை. முடிந்தவரை குழந்தையின் விருப்பத்தையும் கேட்பார். ஒருமுறை பிறப்பித்த உத்தரவைச் சூழ்நிலை மாறினால் பின்னர் மாற்றவும் இடமுண்டு. 'கடைக்கு வாரிசு வேண்டும்' என்பது அங்கே வாதமாகாது.

குடும்ப நீதிமன்றத்தின் முதல் கடமை சமரச முயற்சி. அது கைகூடாவிட்டாலும், ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் பரஸ்பர சம்மதத்தின் பேரில் மனுச் செய்யலாம். அதற்குரிய ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆகவே நம் வேண்டுகோள் இதுதான். கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் தனித்தனியே எழுதுங்கள். உங்கள் குடும்பத்துக்கு எந்தச் சட்டம் என்று வழக்கறிஞரிடம் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிவு நேர்ந்தே தீருமானால், மனைவிக்கு உரியதை மறைக்காமல் கொடுங்கள். வியாபாரத்தில் சொன்ன சொல்லைக் காப்பவர் குடும்ப வழக்கிலும் அப்படியே நடந்தால், கடையும் நிற்கும், பெயரும் நிற்கும், பிள்ளையும் இருவரையும் வெறுக்காமல் வளரும்.