ஐரோப்பாவில் பத்து இரவுகள்

ஊரை விட்டு வெளியே குடியேறிய நம்மவர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றுதான் பொருள். குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவது, உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றிரண்டு, திரும்பும்போது அப்பளக் கட்டும் வடாமும். இவற்றோடு விடுமுறை முடிந்துவிடும். ஓர் ஆண்டு இந்த வழக்கத்தை நிறுத்தி, அந்தப் பணத்தையும் கைச் சேமிப்பையும் சேர்த்துக் குழந்தைகளுக்கு ஐரோப்பாவைக் காட்டி வரலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தது. எழுபது வயதான எங்கள் அம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள்: "அடுத்த வருஷம் ஊருக்குப் போவது கட்டாயம். அதற்கென்று வைத்திருக்கும் பணத்தைத் தொடக் கூடாது." ஆகவே, செலவு இவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்ட பிறகே நாங்கள் வரைபடத்தை எடுத்தோம். சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால், திட்டமிட்ட விதத்தை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நாங்கள் போட்ட திட்டத்தைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. பத்து இரவுகளில் எட்டு நாடுகள்! அதைப் படித்துக் காட்டியதும் அம்மா, "குழந்தைகளுக்கு ஊரைக் காட்டப் போகிறீர்களா, ரயில்வே ஸ்டேஷனைக் காட்டப் போகிறீர்களா?" என்று கேட்டார்கள். கணக்குப் பார்த்தோம். ஒரு விடுதியைக் காலை பதினொரு மணிக்குள் காலி செய்ய வேண்டும். அடுத்த விடுதியில் மாலை மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும். இடையே ஐந்து பேரும் பெட்டிகளும் தெருவில். இடம் மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாளை விழுங்கிவிடும். அதோடு ஐந்து பேருக்கு டிக்கெட் செலவு வேறு. இத்தாலி, ஆஸ்திரியா, செக் நாடு, பெல்ஜியம் நான்கையும் அடித்தோம். எஞ்சியவற்றில் ஸ்விட்சர்லாந்தின் விலைவாசி எங்கள் பைக்கு எட்டவில்லை. பனியைப் பார்க்க வேண்டும் என்று அழுத இளையவனுக்கு மணாலியைக் காட்டுவதாக வாக்களித்தோம். அந்த வாக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஸ்விட்சர்லாந்தின் இடத்தில் லக்ஸம்பர்க் வந்து சேர்ந்தது. ஹாலந்து, ஜெர்மனி, லக்ஸம்பர்க், பிரான்ஸ் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தொட்டடுத்து இருப்பவை. ஒரே ரயில் வழியில் நூல் கோத்தாற்போல் வருபவை. ஆம்ஸ்டர்டாமில் இறங்கிப் பாரிஸிலிருந்து விமானம் ஏறுவதாக டிக்கெட் எடுத்தால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் வீண் செலவு இல்லை. விமானச் செலவு நீங்கலாக ஐந்து பேருக்கும் நாளொன்றுக்கு 250 யூரோ என்று வரம்பு கட்டினோம். ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு எளிது.

இனி விசா. இதில்தான் நாங்கள் ஏறக்குறைய இடறி விழுந்தோம். ஷெங்கன் விசா ஒன்று பெற்றால் 29 நாடுகளுக்கும் செல்லலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் சேரா. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ, அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி ஒரு நாட்டைப் பிரித்துச் சொல்ல முடியாதபோதுதான் முதலில் நுழையும் நாடு. நாங்கள் பாரிஸுக்கு நான்கு இரவுகள் ஒதுக்கிவிட்டு, பிரான்ஸ்தான் முக்கிய நாடு என்று நிம்மதியாக இருந்தோம். லக்ஸம்பர்க்கில் அறை வாடகை அதிகம் என்று அங்கே தங்க வேண்டிய இரண்டு இரவுகளை அருகிலுள்ள ஜெர்மன் நகரமான ட்ரியருக்கு மாற்றினோம். கொலோனில் இரண்டு, ட்ரியரில் இரண்டு. ஜெர்மனிக்கும் நான்கு ஆகிவிட்டது! விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த அன்றுதான் இது கண்ணில் பட்டது. கொலோனில் ஓர் இரவைக் குறைத்துப் பாரிஸில் கூட்டினோம். ஹாலந்தில் இரண்டு, ஜெர்மனியில் மூன்று, பிரான்ஸில் ஐந்து என்று கணக்குத் தெளிவாயிற்று.

விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயது முதல் பதினொன்று வரை 45. ஆறு நிரம்பாத குழந்தைகளுக்கு இல்லை. பெரியவர் மூவர், பத்து வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன் ஆகிய எங்களுக்கு 315 யூரோ ஆயிற்று. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தத் தொகை திரும்பாது. ஆகையால், விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டையோ அறையையோ வாங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வோம். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பிரயாணத்துக்குப் பிப்ரவரியிலேயே மனுவைக் கொடுப்பது நல்லது. ஏப்ரலில் விண்ணப்ப மையத்தில் நாள் கிடைப்பதே அரிது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும். வயதானவர்களுக்குப் பிரீமியம் அதிகம். அதை வரவு செலவில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சமையலறையோடு கூடிய வீடுகளையே வாடகைக்கு எடுத்தோம். ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையின் மீது நகராட்சி வரி 12.5 சதவீதம், ஆதலால் ரயிலில் கால் மணி நேரத் தொலைவிலுள்ள ஹார்லெமில் தங்கினோம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அரிசி எல்லாம் கூடவே வந்தன. நெய்யை மட்டும் கடைசி நிமிஷத்தில் பெட்டியிலிருந்து எடுத்தோம். பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது; திரட்டுப்பாலும் பால்கோவாவும் அதே கதிதான். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. தேங்காய்க்கு மட்டும் விதிவிலக்கு உண்டு என்று அறிந்து அம்மாவுக்குப் பெரிய திருப்தி. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சனிக்கிழமையே பால், தயிர், காய்கறி வாங்கிவிட வேண்டும்.

கொலோனில் ரயிலை விட்டு வெளியே வந்ததுமே 157 மீட்டர் உயரக் கோபுரங்களோடு தேவாலயம் எதிரே நிற்கிறது. 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த கட்டடம் அது. ஓர் இரவே அந்நகருக்குப் போதுமானதாக இருந்தது. ஜெர்மன் நெடுந்தூர ரயில்களில், அந்நாட்டுக்குள், பெற்றோரோடு வரும் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. அவர்களையும் டிக்கெட்டில் சேர்ப்பது மட்டும் நம் பொறுப்பு. கோப்ளென்ஸிலிருந்து ட்ரியருக்கு மாநில நாள் டிக்கெட் ஒன்று எடுத்தோம். சாதாரண ரயில்களில் ஐந்து பேர் வரை அந்த ஒரே டிக்கெட்டில் போகலாம். ட்ரியரில் ரோமானியர் கட்டிய கருங்கோட்டை வாசல் பதினெட்டு நூற்றாண்டுகளாக நிற்கிறது.

லக்ஸம்பர்க்கில் 2020 முதல் நாடெங்கும் ரயிலும் பஸ்ஸும் இலவசம். எல்லை வரைக்கும் மட்டும் டிக்கெட் வாங்கினால் போதும். அங்கிருந்து பஸ்ஸில் ஷெங்கன் கிராமத்துக்குப் போனோம். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் மோசெல் நதியில் நின்ற ஒரு படகில் கையெழுத்திட்டன. எங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவின் பெயர் இச்சிற்றூரின் பெயர்தான். மூன்று நாடுகள் சந்திக்கும் அந்த ஆற்றங்கரையில் காலை நீட்டி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். எல்லையில் சோதனை இல்லை என்று பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிடக் கூடாது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லைகளிலெல்லாம் தற்காலிகச் சோதனையை ஏற்படுத்தியது.

பாரிஸைப் பற்றிப் புத்தகங்கள் பல உண்டு. நாம் செலவை மட்டும் சொல்வோம். லூவ்ர் காட்சிசாலையில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பெரியவர்களுக்கு 2026 ஜனவரி முதல் 32 யூரோ. மூவருக்கு 96 யூரோ என்பது எங்கள் நாள் வரம்பில் பெரும் பங்கு. நகராட்சிக்குச் சொந்தமான பெத்தி பலே, கார்னவாலே ஆகிய காட்சிசாலைகளின் நிரந்தரக் காட்சிகளை இலவசமாகப் பார்க்கலாம்; அவற்றில் கூட்டமும் குறைவு. ஈபெல் கோபுரத்தைக் கீழிருந்தே பார்த்தோம். பெண்ணுக்குச் சிறிது மனத்தாங்கல்தான்.

லக்ஸம்பர்க் ரயில் வந்து நிற்கும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பல் என்னும் பகுதி இருக்கிறது. இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக உள்ள தெருக்கள். கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து. வாழையிலை, முருங்கைக்காய், நாங்கள் விட்டு வந்த கறிவேப்பிலை. அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். போர்க் காலத்தில் வீடு வாசலை இழந்து வந்தவர்கள் எடுத்த கோயில் அது. கடைசி நாள் மாலை அம்மா அங்கே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர், "ஊருக்குப் போவதுண்டா?" என்று கேட்டாராம். "வருஷா வருஷம்" என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லையாம்.

வீடு திரும்பிக் கணக்கு முடித்தபோது வரம்புக்கு மேல் 110 யூரோ செலவாகியிருந்தது. அதில் பாதி, மழையில் வாடகைக் கார் ஏறியதற்கு. ஊர்ப் பணத்தைத் தொடவில்லை. அடுத்த கோடைக்கு ஐந்து பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று.