‘இருக்கக்கூடும்’ என்பது ‘இருக்கிறது’ ஆனது எப்படி? இராக் போரும் உளவுத் தகவல்களும்

இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகக் கூறி, 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் ஆதாரங்களை அடுக்கினார் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல். ஆறு வாரங்களில் போர் தொடங்கியது. குவித்து வைக்கப்பட்டதாகக் கூறப்பட்ட ஆயுதங்கள் கடைசி வரை கிடைக்கவில்லை. தவறியது உளவுத் துறையா, அரசா என்ற கேள்விக்குப் பின்னாளில் வெளியான விசாரணை அறிக்கைகள் விடை தருகின்றன.

உளவு அறிக்கை என்பது பெரும்பாலும் மதிப்பீடே. அதில் வரும் ‘கருதுகிறோம்’, ‘இருக்கக்கூடும்’ போன்ற சொற்கள், தகவலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் காட்டுபவை. அமெரிக்க உளவு அமைப்புகள் 2002 அக்டோபரில் கூட்டாகத் தயாரித்த ரகசிய மதிப்பீட்டில் இத்தகைய சொற்கள் இருந்தன. அதே மாதம் பொதுமக்களுக்காக வெளியிடப்பட்ட ஆவணத்தில் அவற்றில் பல நீக்கப்பட்டன. இதனால் மதிப்பீடுகள் மக்களிடம் தவறாகக் கொண்டு செல்லப்பட்டதாக 2004 ஜூலையில் செனட் உளவு விவகாரக் குழு குறிப்பிட்டது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போருக்கு இது எளிதில் விளங்கும். ஒரு ‘கூடும்’ விடுபட்டாலும் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் தெரியாது, பொருள்தான் மாறிவிடும்.

அலுமினியக் குழாய் விவகாரம் இதற்குச் சான்று. யுரேனியத்தைச் செறிவூட்டும் கருவிகளுக்காகவே இராக் அவற்றை வாங்க முயன்றதாகக் கூறப்பட்டது. அவை ராக்கெட்டுகளுக்கானவையாக இருக்கலாம் என்று மறுத்தவர்கள், இத்தகைய கருவிகளை நன்கறிந்த அமெரிக்க எரிசக்தித் துறை வல்லுநர்கள். பொது ஆவணமோ அவர்களை யாரென்று கூறாமல் ‘சிலர்’ என்று சுருக்கிவிட்டது.

நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்கள் குறித்த தகவல், ‘கர்வ்பால்’ என்ற குறிப்புப் பெயர் கொண்ட ஒரு இராக்கியர் ஜெர்மனி உளவுத் துறையிடம் கூறியது. போருக்கு முன் அமெரிக்க உளவுத் துறை அவரை நேரில் விசாரிக்கவே இல்லை. தாம் கூறியது பொய் என்று 2011-இல் அவரே ஒப்புக்கொண்டார்.

பிரிட்டனிலும் இதே கதைதான். 45 நிமிடங்களில் இராக் பேரழிவு ஆயுதங்களைப் பயன்படுத்த முடியும் என 2002 செப்டம்பரில் அந்நாட்டு அரசு வெளியிட்ட ஆவணம் கூறியது. அத்தகவல் போர்க்களத்தில் பயன்படும் குறுகிய தூர ஆயுதங்களைப் பற்றியது. ஆவணம் அதைச் சொல்லவில்லை. நியாயப்படுத்த முடியாத உறுதியுடன் மதிப்பீடுகள் முன்வைக்கப்பட்டதாக 2016-இல் சில்காட் விசாரணைக் குழு தெரிவித்தது.

உளவுத் துறையும் குற்றமற்றதன்று. அதன் மதிப்பீடுகள் பலவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும், ஆய்வாளர்கள் மீது அரசியல் அழுத்தம் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் 2004-இல் கூறியது செனட் குழுவே. ஆனால் அதே குழு 2008-இல் வெளியிட்ட அறிக்கை அரசை நோக்கித் திரும்பியது. இராக்கும் அல்-காய்தாவும் கூட்டாளிகள் என்ற தோற்றத்தை ஏற்படுத்திய புஷ் அரசின் பேச்சுகளுக்கு உளவுத் தகவல்களில் ஆதாரமில்லை என்றது அவ்வறிக்கை.

அதற்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட இராக்கியர் உயிரிழந்திருந்தனர். இராக்குக்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா விடுத்த கோரிக்கையை, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லை எனக் கூறி 2003 ஜூலை 14-ஆம் தேதி இந்தியா ஏற்க மறுத்தது. ஐ.நா. உரை தமது வாழ்வில் படிந்த கறை என 2005-இல் பாவெலே ஒப்புக்கொண்டார்.