ஆடற்பள்ளியைத் தெரிந்தெடுத்தல்

விசயதசமி நன்னாளில் தம் மக்களை ஆடற்பள்ளியிற் சேர்ப்பிக்கும் பெற்றோர் நம் நகரங்களில் பலராவர். அப் பள்ளியை எவ்வாறு தெரிந்தெடுத்தீர் என வினவின், இல்லத்திற்கு அண்மையில் உள்ளது என்பர் சிலர். அடுத்த வீட்டுச் சிறுமி அங்கே பயில்கின்றாள் என்பர் வேறு சிலர். வாயிலில் தொங்கும் படங்களைக் கண்டு சேர்த்தோம் என்பாரும் உளர். ஒரு பட்டுப் புடைவை எடுக்க நான்கு கடை ஏறி இறங்குவோர், பத்தாண்டுக் காலம் தம் மகளின் உடலையும் உள்ளத்தையும் ஒப்படைக்கும் இடத்தை ஒரு மாலைப்பொழுதில் முடிவு செய்துவிடுகின்றனர். யாம் பரதம் ஆடி அறியேம். நூல் வழியாகவும், ஆடுவாரையும் ஆட்டுவிப்பாரையும் அருகிருந்து கண்டும் கேட்டும் அறிந்தனவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். ஆடத் தெரியாத தாய் தந்தையர்க்கும் கண்ணாற் காணத்தக்க அடையாளங்கள் சில உண்டு என்பதே எம் துணிபு.

தமிழ் பயில்வார்க்கு இப் பொருள் பற்றி முதற்கண் நினைவுக்கு வருவது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. மாதவி ஆடிய அழகைக் காணும் ஆவலோடு அதனைத் திறக்கும் மாணவன் நெடுநேரம் காத்திருத்தல் வேண்டும். அவளை அரங்கேற்றுமுன் அடிகள் ஆடலாசானைக் கொணர்ந்து நிறுத்துகின்றார். அவன்பின் இசையாசான், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர்க்கும் வேண்டும் தகுதியை விரிக்கின்றார். பின்னர் அரங்கின் அளவு வருகின்றது: பெருவிரல் 24 கொண்டது ஒரு கோல், அக் கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. இத்தனையும் கூறிய பின்னரே மாதவியின் அடி மேடையிற் படுகின்றது. வகுப்பில் இப் பகுதி நடந்தபொழுது எம்முட் சிலர்க்குக் கண் அயர்ந்ததும் உண்டு. ஆயினும், ஆடும் மகளை நோக்குமுன் ஆட்டுவிக்கும் ஆசானை நோக்குக என்னும் முறைமை அவ் வரிசையினுள் பொதிந்து கிடக்கின்றது. 5-ஆம் அகவையிற் பயிற்சி தொடங்கிய மாதவி 7 ஆண்டு பயின்று, 12-ஆம் அகவையில் அரங்கேறி, தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள். அவ் 7 ஆண்டு என்னும் கணக்கைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்க; பின்னர் வேண்டப்படும்.

முற்காலத்தில் பள்ளியைத் தெரிந்தெடுத்தல் என்னும் இடர்ப்பாடு எழவில்லை. சதிர் என வழங்கிய இவ் ஆடல், நட்டுவனார் குடும்பங்களிலும் தேவரடியார் மரபினரிடத்தும் வழிவழியாகப் பேணப்பெற்றது. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என இன்று மேடையில் நாம் காணும் ஒழுங்கு, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளங்கிய தஞ்சை உடன்பிறந்தார் நால்வராகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் வகுத்தது என்பர். பாலசரஸ்வதி அம்மையார் (1918–1984) காஞ்சிபுரத்தில் 1925-ல் அரங்கேறியபொழுது அவர்க்கு அகவை 7. அவர்தம் பாட்டியார் வீணை தனம்மாள். தாயார் ஜயம்மாள் இசைவல்லார். ஆசான் கந்தப்ப பிள்ளை. அத்தகைய இல்லத்தில் தாளம் ஒரு மாத்திரை பிழைப்பின் அடுக்களையில் இருப்போர் செவிக்கும் அது தப்பாது. 1936-ல் உருக்மிணி தேவியார் சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். 1947-ல் பெண்மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சென்னைச் சட்டம் தடுத்தது. எல்லாக் குடும்பத்துப் பெண்மக்களும் இக் கலையைப் பயிலலாயினர். அது நன்றே, எனினும் அதனைக் காத்து வளர்த்த மரபினர் பலர் அம் மாற்றத்தில் மேடையை இழந்தனர் என்பதும் மறைக்கற்பாலதன்று. ஒன்று மட்டும் உறுதி. இன்று நம் சிறுமி வாரத்தில் இரு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பள்ளிக்குச் சென்று திரும்புகின்றாள்; இல்லத்தில் அவள் பிழையைச் செவியால் உணர்வார் ஒருவரும் இலர். முன்பு ஒரு குடும்பமே செய்த காவலை இப்பொழுது தாய் தந்தையர் செய்தல் வேண்டியுளது.

ஆகவே, சேர்க்குமுன் ஒரு நாள் வகுப்பில் அமர்ந்து காண இசைவு கேட்டல் வேண்டும். மூத்த மாணவியர் வர்ணம் ஆடும் வகுப்பைக் காட்டுதற்கே பள்ளிகள் விரும்பும். அதனைக் காண்டல் இன்பம். ஆனால் அதனால் அறியத்தக்கது சிறிதே. புதியோர் வகுப்பையே காண்க. அங்கே நோக்கத்தக்கது அரைமண்டி. முதுகு நிமிர்ந்திருப்ப, முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிய, இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் இந் நிலையே பரதத்தின் அடித்தளம். கால் விரிதல் இடுப்பு மூட்டிலிருந்து தொடங்குதல் வேண்டும்; முழங்காலும் கால்விரலும் ஒரே திசையை நோக்குதல் வேண்டும். பாதங்கள் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, முழங்கால்கள் முன்னோக்கிச் சரியுமாயின், ஒவ்வொரு தட்டின் அதிர்ச்சியும் முறுக்குண்ட முழங்காலிற் சென்று தாக்கும். சிறுவயதில் அது தெரியாது. ஆண்டுகள் சென்றபின் நோவாக வெளிப்படும். எல்லார்க்கும் இடுப்பு மூட்டு ஒரே அளவாக விரிவதன்று. ஆதலின் நல்லாசிரியர் ஒரு சிறுமியை ஆழ அமர்த்துவார். மற்றொருத்தியைச் சிறிது உயர்த்தியே நிறுத்துவார். வரிசையில் நிற்கும் முப்பது பேரையும் நோக்கி, ‘இன்னும் கீழே, இன்னும் கீழே’ என்று ஒரே குரலிற் கூவுவாரிடம் எச்சரிக்கை வேண்டும்.

இவ்வாண்டு நண்பர் சிலருடன் இரண்டு பள்ளிகளுக்குச் சென்று கண்டோம். முன்னதில் சுவர் முழுதும் நிலைக்கண்ணாடி, பளிங்குத் தரை, பரிசுக் கேடயங்கள் நிறைந்த அலமாரி. ஆசிரியை நாற்காலியில் அமர்ந்திருக்க, கைப்பேசியிற் பதிந்த சொற்கட்டு ஒலித்தது; சிறுமியர் அதனோடு ஓடிக்கொண்டிருந்தனர். ஓர் அடவை ஒரு சிறுமி தவறவிட்டாள், கைப்பேசி நிற்கவில்லை. பின்னது ஒரு வீட்டின் மாடிக் கொட்டகை. எண்மர் மாணவியர். அறுபது அகவை கடந்த ஆசிரியர் தட்டுமனையைக் கழியால் தட்டி, சொற்கட்டைத் தம் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சிறுமியின் குதிகால் பிந்தியது. அவர் தட்டுதலை நிறுத்தி, அவளுக்கு மட்டும் முதற்காலத்தில் தொடங்கி, அவள் பிடித்துக்கொண்ட பின்னரே இரண்டாங்காலத்திற்கு ஏறினார். நாற்பது நிமிடத்தில் அவர்கள் ஆடியது நாட்டடவில் இரண்டே வகை. எம்முடன் வந்த நண்பர்க்குச் சலிப்புத் தட்டிற்று. எமக்கோ இரண்டாம் பள்ளியே பள்ளியாகத் தோன்றியது. தட்டடவு, நாட்டடவு, குத்தடவு முதலியவற்றை மூன்று காலத்திலும் உறுதிப்படுத்துதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதனைப் பொறுக்காத பெற்றோரே ஆசிரியரை விரைவுபடுத்திக் கெடுக்கின்றனர் என்றும் கூறலாம்.

தரையைப் பற்றி ஒரு சொல். பளிங்கும் வழவழப்பான ஓடும் காண்பதற்கு இனியன; வெறுங்காலால் ஆயிரம் முறை தட்டுதற்குக் கொடியன. சிறிது நெகிழ்ந்து கொடுக்கும் மரத்தளம் சிறந்தது. அது கிடைத்தல் அரிதாயின், வகுப்பின் தொடக்கத்தில் உடலைத் தளர்த்தும் பயிற்சியும், இடையிடையே ஓய்வும் உண்டா என்றேனும் காண்க.

பந்தணைநல்லூர்ப் பாணியா, வழுவூர்ப் பாணியா, கலாக்ஷேத்திரப் பாணியா என்று பெற்றோர் முதலிற் கேட்கின்றனர். எம் கருத்தில் இஃது இறுதியிற் கேட்கவேண்டிய வினா. ஒவ்வொரு பாணிக்கும் தனி அழகு உண்டு. செம்மையாகக் கற்பிக்கப்பெற்ற எதுவும் நன்றே. தொடங்கியபின் அடிக்கடி மாற்றுதல் மட்டும் ஆகாது. கை நீட்டும் அளவு முதல் அனைத்தையும் மறந்து மீளக் கற்க நேரும்.

இனிக் கூறப்புகுவது சிறிது கசப்பானது. குரு பத்தி என்னும் பெயரால், வினவுதலே பிழை என்னும் எண்ணம் சில இடங்களில் ஊட்டப்படுகின்றது. பெற்றோர் வாயிற்படியோடு நின்றுவிடல் வேண்டும், தனிப்பயிற்சி தாழிட்ட அறையில் நடைபெறும், பள்ளியில் நடப்பதை வீட்டிற் கூறலாகாது என்னும் விதிகள் உள்ள இடத்திற்கு எத்துணைப் புகழ் இருப்பினும், அங்கே குழந்தையை விடுதல் தகாது. தட்டுக்கழி தட்டுமனைக்கே உரியது. சிறுமியின் காலுக்கு உரியதன்று. அவள் உடல் பருமனையும் நிறத்தையும் பலர் முன் இகழும் ஆசிரியரும் விலக்கத்தக்கவரே. வகுப்பிற்குச் செல்லும் நாளில் வயிறு வலிக்கின்றது என்று குழந்தை மீண்டும் மீண்டும் கூறுவாளாயின், சோம்பல் என்று தள்ளிவிடாது, அருகமர்த்திப் பொறுமையாகக் கேட்டறிக.

அரங்கேற்றம் பற்றியே பெற்றோர் மிகுதியும் ஏமாறுகின்றனர். ‘எத்தனை ஆண்டில் அரங்கேற்றம்?’ என்று கேட்டுப் பாருங்கள். குழந்தையை ஒரு முறையேனும் ஆடக் காணாமல், ‘மூன்றே ஆண்டில்’ என்று நாள் குறிப்பவர் கலையை அன்று, விழாவை விற்கின்றார். மாதவிக்கு நாள்தோறும் ஆசான் அறுவர் சூழ 7 ஆண்டு ஆயின. வாரத்தில் இரண்டு மணி நேரம் பயிலும் நம் சிறுமிக்கு அதினும் குறைவாக ஆதல் எங்ஙனம்? இரண்டு மணி நேரத்திற்கு மேல் தனியொருத்தி நின்று ஆடவேண்டும். அதில் வர்ணம் மட்டுமே அரைமணிக்கு மேல் நீளும். மண்டப வாடகை, நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது குழல் ஆகியோர்க்குச் சன்மானம், பட்டுடைகள், நகை, ஒப்பனை, அழைப்பிதழ், விருந்து என இக்காலத்தில் அச் செலவு இலட்சக் கணக்கில் ஏறுதலும் உண்டு. கடன் வாங்கி அரங்கேற்றிய பின், சலங்கையைப் பரணில் ஏற்றிவிட்ட இல்லங்கள் யாம் அறிந்தனவே சில உள. மாதக் கட்டணத்தைக் கேட்கும்பொழுதே, அரங்கேற்றச் செலவையும், அது கட்டாயமா என்பதையும் கேட்டுவிடுதல் நன்று.

நம் கல்லூரியைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பத்தார் சிலர், பாடல்கள் சைவ வைணவக் கடவுளரைப் பற்றியனவாதலின் தயங்குகின்றனர். அதனை மனத்துள் வைத்துப் புழுங்காமல் ஆசிரியரிடம் முன்னரே பேசிவிடுதல் இரு திறத்தார்க்கும் மதிப்பு. அடவும் ஜதிஸ்வரமும் தில்லானாவின் சொற்கட்டும் எல்லார்க்கும் பொது. திருச்சிராப்பள்ளியில் கத்தோலிக்கர் நிறுவிய கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரியிற் பரதம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்பெறுதலையும் அவர்கள் அறிதல் நலம்.

பொருள் குறைந்தோர்க்கு இக் கலை எட்டாதது என்று கருதவேண்டா. ஜவகர் சிறுவர் மன்றங்களிற் சிறுவர் சிறுமியர் மிகக் குறைந்த கட்டணத்தில் ஆடல் பயிலலாம். அரசு நடத்தும் மாவட்ட இசைப்பள்ளிகளிற் பரதநாட்டியம் 3 ஆண்டுப் பயிற்சியாக உள்ளது, ஆண்மக்களும் சேரலாம். நட்டுவனார் பெரும்பாலோர் ஆடவராயிருந்த ஒரு கலைக்குத் தம் மகனை அனுப்ப இன்று தந்தையர் நாணுவது எமக்கு வியப்பாகவே உள்ளது. எம் விடுதியில் ஒருவர் ஆறாண்டு பரதம் பயின்றவர். விளையாட்டு விழாவில் உயரம் தாண்டுதலில் அவரே முதல்வர்.